தொலைபேசிக்கு வரப்பு போட்டவர்

எதைப் பார்த்தாலும் அதன் நடுவே ஒரு வரப்பு போடாமல் தூங்கப் போகாத மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் உண்டு. அவரும் எங்கள் பழவேற்காட்டு ஆபீசுக்கே வந்து சேர்ந்தார். காட்டூரில் நெல் விதைக்கிற வீட்டுப் பிள்ளை. பிழைப்பு, ஆபீஸ்களில் நெட்வொர்க் போன் மாட்டுவது. அப்பா அம்மா வைத்த பெயர் என்னவோ, நாங்கள் வைத்தது வரப்பு. பஸ்ஸில் பக்கத்து ஆளுக்கும் தனக்கும் நடுவே பையை நட்டு வைப்பார். டிபன் பாக்ஸில் சோறு ஒரு பக்கம், குழம்பு ஒரு பக்கம், நடுவே பொரியலால் கரை. கரை உடைந்தால் அன்றைக்குப் பட்டினி.

எங்களுடையது மீனவர் சங்க ஆபீஸ். எனக்குப் போன் மேஜை. கடலுக்குப் போன படகுகள் திரும்பும்போது, ஏரி கடலில் சேருகிற முகத்துவாரத்தில் எந்தப் பக்கம் ஆழம் என்று என்னைக் கேட்டுத்தான் உள்ளே நுழையும். அங்கே மணல் ஓயாமல் இடம் மாறும்; முன்னால் வந்த படகுக்காரர்கள் சொன்னதை வைத்து நான் வழி சொல்வேன். அந்தப் படகுகளில் ஒன்றில் என்னைப் பெற்ற நைனா. ஆபீசில் புதுப் போன்களை முதலில் மாட்டிய வேறொரு ஆள், அவற்றைக் கம்ப்யூட்டர்களோடு ஒன்றாகக் கோத்துவிட்டுப் போய்விட்டான். கணக்கர் செல்வம் வியாபாரிக்கு இறால் வீடியோ அனுப்ப ஆரம்பித்தால் போதும், என் பேச்சு துண்டு துண்டாகிவிடும். ஒருநாள் நான் கத்தின கத்தலில் பாதி நைனாவுக்குப் போய்ச் சேரவில்லை. படகு மணலில் ஏறிச் சாய்ந்தது. ஆள் பிழைத்து வந்ததே பெரிய விஷயம்.

வரப்பை வரவழைத்தோம். சுற்றிலும் பார்த்தார்.

"பேச்சும் ஃபைலும் ஒரே வழியில முட்டிக்குது. நடுவுல வரப்பு போடணும். பேச்சுக்குத் தனி வழி, அதுதான் மொதல்ல போவணும்."

அதற்கு வழி பிரிக்கிற வேறு ஸ்விட்ச் பெட்டி வேண்டும், வரவழைக்க ஒரு வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் தலைவர் ஒரு வாரம் சும்மா இருப்பாரா? தண்ணீரில் வரப்பு நிற்காது என்று தெரிந்த ஜனம் நாங்கள். ஏரியில் வலை போடும் இடத்தை இன்றைக்கு இவர்கள், நாளைக்கு அவர்கள் என்று முறை வைத்துக்கொள்வோம். அதற்குப் பாடு என்று பெயர். தலைவர் ஆபீசுக்கும் பாடு வைத்துவிட்டார். போன் அடித்தால் அது போனின் முறை, எல்லாரும் கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். செல்வம் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிவிடுவார். மீன் விலை கேட்க வந்தவர்கள் ஏதோ போலீஸ் விவகாரம் என்று நழுவினார்கள். இவர் கையைத் தூக்கி என்ன பயன், கிளம்பின வீடியோ அது பாட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது.

பெட்டியோடு வந்த வரப்பு இந்தக் கண்காட்சியைப் பார்த்துவிட்டார். வந்ததே கோபம்! வேலை முடிகிறவரை ஒருத்தரும் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது என்று எல்லாவற்றையும் அணைத்துவிட்டார். ஏலம் நடக்கிற காலை நேரம். தலைவர் மிரட்டினார், கெஞ்சினார், டீ வாங்கிக் கொடுத்தார். வரப்பு டீயை மட்டும் வாங்கிக்கொண்டார்.

முடித்ததும் சோதனை. இருப்பதிலேயே பெரிய வீடியோவைச் செல்வத்தை அனுப்பச் சொல்லிவிட்டு, படகுத்துறையில் நின்று என்னைக் கூப்பிட்டார். பழைய குருடி கதவைத் திறடி கதைதான், பேச்சு துண்டு துண்டாக வந்தது. ஓடிவந்து பெட்டியைக் குடைந்தார். எல்லாப் போனையும் பேச்சு வழிக்குப் பிரித்தவர், என் போனை மட்டும் ஃபைல் பக்கமே விட்டிருந்தார். தன் தலையில் தானே நறுக்கென்று குட்டிக்கொண்டார். மிச்சத்தை நாளைக்குப் பார்க்கலாம் என்றார் தலைவர். வரப்பு அவரைத் திரும்பியே பார்க்கவில்லை.

"இன்னாமா, உங்க நைனா எப்போ கரைக்கு வருவாரு?"

மத்தியானம் என்றேன்.

"அப்போ மத்தியானத்துக்குள்ள முடியும்."

அவர் பெட்டியை மூடும்போது மத்தியானம், காற்று ஏறிவிட்டது. போன் அடித்தது. நைனாதான். செல்வம் பழக்கதோஷத்தில் கையைத் தூக்கினார்.

"கைய எறக்குயா. அனுப்பு. இருக்கிறது எல்லாத்தியும் அனுப்பு" என்றார் வரப்பு.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பெட்டியை அவர் தலையிலேயே போட்டிருப்பேன். சோதித்துப் பார்க்க என் நைனாவின் உயிர்தானா கிடைத்தது? ஆனால் காதில் நைனா மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

"தெக்குப் பக்கமா வா நைனா. வடக்கால மணல் ஏறிக் கெடக்குது."

"சரிமா, நல்லா கேக்குது. ஏன் அழுவுற?"

அழுதது அவருக்குக் கேட்டுவிட்டது. படகு தெற்குப் பக்கமாக உள்ளே வந்தது.

நைனா வரப்பை விடவில்லை, கையோடு வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். மடவை மீன் குழம்பு. வரப்பு தட்டில் சோற்றை ஒதுக்கிக் கரை கட்ட ஆரம்பிப்பதற்குள், நைனா கரண்டியால் அள்ளிச் சோற்றின் மேலேயே ஊற்றிவிட்டார். வரப்பு தட்டைப் பார்த்தார், நைனாவைப் பார்த்தார். அப்புறம் பிசைந்து சாப்பிட்டார்.

அன்றைக்குப் புதன்கிழமை. இப்போதும் புதன்கிழமை ஆனால் பெட்டியைப் பார்க்கிறேன் என்று வந்துவிடுகிறார். பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது. நானும் அதைச் சொல்வதில்லை. புதன்கிழமை உலையில் ஒரு பிடி அரிசி கூடுதலாகப் போட்டுவிட்டுத்தான் ஆபீசுக்குக் கிளம்புகிறேன்.