இந்தச் சம்பவம் தெரிவிக்கப்படும்

கடிகாரம் நாற்பது நிமிஷம் பின்தங்கியிருந்தது. சுவர்க் கடிகாரம் இல்லை, கம்ப்யூட்டர் திரையின் வலது மூலையில் இருக்கும் கடிகாரம். சுவரில் பத்து இருபது, திரையில் ஒன்பது நாற்பது.

வேறு யாராக இருந்தாலும் போய்த் தொலையட்டும் என்று விட்டிருப்பார்கள். விளக்கத்தாரால் முடியவில்லை.

விளக்கத்தார் என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் இருபத்தாறு வருஷம் எழுத்தராக இருந்தவர். ஒருமுறை ஆறு நிமிஷம் தாமதமாக வந்ததற்கு, யாரும் கேட்காமலேயே, நாலு பக்கம் விளக்கம் எழுதிக் கொடுத்தார். பஸ் பழுதாகி நின்ற இடத்துக்கு வரைபடம் வேறு. அன்றிலிருந்து பெற்றவள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது.

பதினோரு மாதமாக அதிலும் இல்லை. உயிரோடு இருக்கிற ஒரு மனிதர் இறந்துவிட்டதாக யாரோ பதிவு செய்துவிட்டார்கள். பதிவானது இவருடைய பாஸ்வேர்டில். இவர் அப்போது டீ குடிக்கப் போயிருந்தார். இறந்தவரே நேரில் வந்து புகார் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்த பிறகு மேலதிகாரி என்ன செய்வார், பாவம். விளக்கத்தாரை சஸ்பெண்ட் செய்தார்கள். விசாரணைக்குக் கூப்பிடுவோம், அதுவரை வீட்டில் இருங்கள், வேறு எந்த வேலையும் பார்க்கக் கூடாது என்று ஆணையில் இருந்தது. விசாரணை நல்லபடியாக முடிந்தால் வேலை திரும்ப வரும். இல்லாவிட்டால் ஓய்வூதியமும் சேர்ந்து போகும். இன்றுவரை யாரும் கூப்பிடவில்லை.

மனிதர் சும்மா எத்தனை நாள்தான் இருப்பார்? ஒரு கல்லூரி ஆசிரியர் மண்புழுக்களின் செரிமானத்தைப் பற்றி எழுதிய ஆய்வேட்டை ரகசியமாக டைப் செய்து கொடுக்க ஒப்புக்கொண்டார். வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டர் ஒரு பக்கம் டைப் அடித்தால் இரண்டு முறை படுத்துக்கொண்டது. அதைப் பார்த்துவிட்டுத்தான் மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, பென் டிரைவோடு வந்து, விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தான்.

"காசு கிடையாது அத்தான், வைரஸ் கிடையாது, தகராறு கிடையாது. உங்க இஷ்டத்துக்கு மாத்தி வெச்சுக்கலாம்."

செல்போன் கோபுரங்களில் ஏறிப் பழுது பார்ப்பவன் அவன். மேலே ஏறிவிட்டால் போனை எடுக்க மாட்டான். அதனால் அவன் பொத்தானை அழுத்திய ஒவ்வொரு கட்டத்தையும் விளக்கத்தார் தேதி போட்டு ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார்.

அவன் போனதும் இஷ்டத்துக்கு மாற்ற ஆரம்பித்தார். அருவிப் படத்தை எடுத்துவிட்டுத் திரை முழுவதற்கும் கோப்பு அட்டையின் பழுப்பு நிறம் கொடுத்தார். "உள்வரவு", "வெளிச்செல்", "நிலுவை" என்று இடது ஓரத்தில் மூன்று பெட்டிகள். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினார். எல்லாம் முடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தபோது அவருக்குக் கண் கலங்கியது. பல மாதம் கழித்து அவருக்கென்று ஒரு மேஜை கிடைத்திருந்தது. கடிகாரம் மட்டும்தான் தப்பு. ஆறு வாரம் டைப் அடித்துக்கொண்டே அதைப் பொறுத்துப் பார்த்தார், இன்றைக்கு மேல் முடியவில்லை.

அதைத் திருத்த இணையத்தில் ஒருவர் வழி எழுதியிருந்தார். கட்டளை அடிக்கும் கறுப்பு ஜன்னலைத் திற, இந்த வரியை அடி, பாஸ்வேர்டைக் கொடு. விளக்கத்தார் திறந்தார், அடித்தார், கொடுத்தார். ஆங்கிலத்தில் ஏதோ ஒரு வரி வந்தது. கடிகாரம் அசையவில்லை.

கை தவறியிருக்கும் என்று மறுபடி அடித்தார். மறுபடி. நான்காம் முறை ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லி அடித்தார். அப்புறம்தான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த வரியைப் படித்தார். இருபத்தாறு வருஷப் பழக்கத்தில் அது மனசுக்குள் தானாகவே அலுவலகத் தமிழுக்கு மாறியது.

அவருடைய பெயரைப் போட்டு, இன்னார் உரிய பட்டியலில் இல்லை என்றிருந்தது. அதற்குப் பக்கத்திலேயே, இந்தச் சம்பவம் தெரிவிக்கப்படும்.

மேஜைக்கு அடியில் குனிந்து இணைய ஒயரைப் பிடுங்கினார். தலையில் மேஜை விளிம்பு இடித்தது.

பக்கத்து அறையில் மனைவி பள்ளிச் சீருடைகளுக்கு மடிப்பு தைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு வந்தாள்.

"என்னங்க ஆச்சு?"

"என்மேல ரிப்போர்ட் போகுது."

"யாருக்குங்க போகும்? நம்ம வீட்டு மெஷின், நம்ம வீட்டுக் கரண்ட். சொல்றதா இருந்தா என்கிட்டதான் சொல்லணும்."

"யாருக்குன்னு போடல. அதுதான் பயமா இருக்கு. ஆபீஸ்லயும் யாருக்கு என்ன போச்சுன்னு எனக்குச் சொன்னாங்களா?"

"பதினோரு மாசம் பொறுத்தாச்சு. இன்னும் கொஞ்ச நாள் சும்மா இருங்க. எல்லாம் தானா முடியும்."

"தானா எது முடிஞ்சிருக்கு சொல்லு. நாலு தடவை அடிச்சிருக்கேன். நாலு சம்பவம். அனுமதியில்லாம கம்ப்யூட்டர்ல கை வெச்சேன்னுதானே அங்கயும் குத்தச்சாட்டு."

மைத்துனனுக்குப் போன் செய்தார். மணி அடித்தது. கோபுரத்தில் இருக்கிறான்.

மனைவி தையலுக்குத் திரும்பினாள். விளக்கத்தார் அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். ஒயரைப் பிடுங்கியது தற்காலிகம்தான். என்றைக்காவது செருகினால் உள்ளே காத்திருக்கும் ரிப்போர்ட் ஓடிவிடும். அது கிளம்புவதற்குள் மெஷினையே துடைத்துவிட்டால்? மைத்துனன் விட்டுப்போன பென் டிரைவ் இழுப்பறையில் இருந்தது. நோட்டில் எல்லாக் கட்டமும் இருந்தது. பென் டிரைவைச் செருகி, நோட்டைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு பொத்தானாக அழுத்தினார். வட்டில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும், தொடரலாமா என்று கேட்டது. அதற்குத்தானே வந்தோம் என்று தொடரச் சொன்னார்.

அரை மணி நேரம் கோடு ஊர்ந்தது. நடுவில் இணையம் வேண்டும் என்றது. இப்போது அனுப்ப ஒன்றும் இல்லையே என்ற தைரியத்தில் ஒயரைச் செருகினார். முடிந்தபோது அருவிப் படம் திரும்ப வந்திருந்தது. கடிகாரம் நிமிஷம் பிசகாமல் சரியாக இருந்தது. அதைத் தவிர எதுவும் இல்லை. உள்வரவு இல்லை, நிலுவை இல்லை, ஆறு வாரம் கண் வலிக்க அடித்த இருநூற்றுப் பதினாலு பக்கம் மண்புழு இல்லை.

விளக்கத்தாருக்கு மண்புழுவை நினைத்துக்கூட அவ்வளவு வருத்தமில்லை. அதைவிடப் பெரிய ஒன்று அப்போதுதான் உறைத்தது.

"ஐயோ," என்றார் மெதுவாக. "தடயத்தை அழிச்சுட்டேன்."

"என்ன தடயம்?" என்று பக்கத்து அறையிலிருந்தே கேட்டாள் மனைவி.

"ஒயரைப் பிடுங்கறதுக்கு முன்னாடியே ரிப்போர்ட் போயிருந்தா? அவங்க வந்து மெஷினைப் பார்ப்பாங்க. மெஷின் காலியா இருக்கும். ஏன் காலியா இருக்குன்னு கேட்டா என்ன சொல்லுவேன்?"

தையல் மெஷின் நின்றது. "தம்பி சாயங்காலம் வந்துருவான். அவன் பார்க்கட்டும். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க."

"அஞ்சு மணிக்கு ஆபீஸ் மூடிருவாங்க. நாளைக்கும் மறுநாளும் லீவு. அவங்க கேட்டு நாம சொன்னா அது சாக்கு. கேட்கறதுக்கு முன்னாடி சொன்னாத்தான் விளக்கம்."

துடைத்துவிட்ட கம்ப்யூட்டருக்குப் பிரிண்டரை அடையாளம் தெரியவில்லை. கையாலேயே எழுதினார், கார்பன் வைத்து மூன்று பிரதி. பொருள்: வீட்டுக் கணினியில் கடிகாரத்தைத் திருத்த உரிய அனுமதியின்றி நான்கு முறை முயன்றமை, பின்னர் அக்கணினியின் பதிவுகளை அழித்தமை, விளக்கம் அளித்தல் தொடர்பாக. எழுத எழுத அவருக்கு நிதானம் வந்தது. பேனா பிடித்தால் அவர் வேறு மனிதர். நாலாவது பக்கத்தில் மண்புழுவும் வந்தது.

"அதை எதுக்குங்க எழுதறீங்க?" மனைவி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "வேற வேலை பார்க்கக் கூடாதுன்னு ஆர்டர்லயே இருக்கே."

"கம்ப்யூட்டர் எதுக்கு வெச்சிருந்தேன்னு கேட்பாங்கல்ல? அவங்களா கண்டுபிடிச்சா மறைச்சேன்னு ஆயிடும்."

பீரோவைத் திறந்து பழைய காகிதக் கட்டை எடுத்தார். குற்றச்சாட்டுக் குறிப்பாணையின் நகல், உயிரோடிருப்பவர் கொடுத்த புகாரின் நகல், சக ஊழியர்களின் வாக்குமூலங்கள், தன்னுடைய முதல் விளக்கம். எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி, கடைசித் தாள் வரை எண் போட்டு, கடிதத்தோடு சேர்த்து நாடாவால் கட்டினார். மொத்தம் நாற்பத்து மூன்று தாள்.

மனைவி கட்டின் மேல் கையை வைத்தாள்.

"லெட்டரை மட்டும் கொடுத்துட்டு வாங்க. இது இங்கேயே இருக்கட்டும்."

"இணைப்பு இல்லாம விளக்கமா? பார்வை ஒண்ணு, பார்வை ரெண்டுன்னு போட்டிருக்கேன். அவங்க எதைப் பார்ப்பாங்க?"

"அவங்க ஃபைல்ல பார்த்துக்கட்டும்."

"தேடற சிரமத்தை நாம ஏன் கொடுக்கணும்?"

அவள் கையை எடுக்கவில்லை. "இதப் பாருங்க. நான் ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"இந்தக் கேஸ் விஷயமா?"

"ஆமா."

விளக்கத்தார் பேனா மூடியைக் கழற்றினார். "சொல்லு. கடைசிப் பக்கத்துல ஒரு பத்திக்கு இடம் இருக்கு. அதையும் எழுதிடலாம்."

அவள் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணுமில்ல," என்றாள். "வெயிலா இருக்கு. குடையை எடுத்துட்டுப் போங்க."

அலுவலகத் தபால் பிரிவில் யாரோ புதுப் பெண் இருந்தாள். முகத்தைக்கூடப் பார்க்காமல் மூன்றாம் பிரதியில் முத்திரை குத்திக் கொடுத்தாள். பழைய பியூன் எங்கோ வெளியே போயிருந்தார். அலுவலகத்தில் இவரோடு இன்னும் முகம் கொடுத்துப் பேசுகிறவர் அவர் ஒருவர்தான். திரும்பி நடக்கும்போது விளக்கத்தாருக்கு மனசு லேசாக இருந்தது. அன்று மதியம் நன்றாகத் தூங்கினார்.

சாயங்காலம் மைத்துனன் வந்து எல்லாவற்றையும் கேட்டான். கேட்கக் கேட்கத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அத்தான், அது யாருக்கும் போகாது. அந்த மெஷின்லயே ஒரு மூலையில எழுதி வெச்சுக்கும். அவ்வளவுதான்."

"தெரிவிக்கப்படும்னு போட்டிருந்ததே."

"யார் அந்த மெஷினுக்குப் பொறுப்போ அவனுக்குத் தெரிவிக்கும். பொறுப்பு நான்தான். உங்க பேரை அந்தப் பட்டியல்ல சேர்க்காம விட்டதும் நான்தான், எதையாவது கிளறிடுவீங்கன்னு. நான் அந்த மூலையை ஒருநாளும் திறந்து பார்த்ததே இல்ல."

ஒரு கடிகாரத்துக்காகத் தன் கழுத்துக்குத் தானே கயிறு திரித்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம் என்பது விளக்கத்தாருக்கு நிதானமாகத்தான் இறங்கியது. மண்புழுவை வேறு எழுதியிருக்கிறோமே.

மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அந்தக் கட்டையும் சேர்த்துக் கொடுத்துட்டீங்களா?"

"முத்திரை வாங்கியாச்சு."

அவள் போய்த் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். தைக்கவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு நாள் விடுமுறையும் அந்த வீட்டில் சாவு விழுந்த மாதிரி கழிந்தது. சாப்பாடு இறங்கவில்லை. திங்கட்கிழமை காலை அலுவலகம் திறப்பதற்கு அரை மணி முன்னதாகவே விளக்கத்தார் வாசலில் நின்றார். பியூன் சாவிக்கொத்தோடு வந்தார். இவரைப் பார்த்ததும் அவருடைய நடை தளர்ந்தது.

"வெள்ளிக்கிழமை ஒரு கவர் கொடுத்தேன்," என்றார் விளக்கத்தார். "தெரியாம கொடுத்துட்டேன். யாரும் பிரிக்கறதுக்குள்ள திரும்ப வாங்கிக்கலாமா?"

"நாப்பத்தி மூணு தாள், அதுதானே?"

"நீங்க பார்த்தீங்களா?"

"ஆபீஸே பார்த்துச்சு சார். ஆளுக்கு ரெண்டு தாளா கையில வெச்சுக்கிட்டுப் படிச்சாங்க." பியூன் பூட்டைத் திறக்காமல் சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். "இன்னைக்கு உங்களைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கற ஆர்டர்ல கையெழுத்தாக வேண்டியது. டைப் ஆகி மேஜைக்கே போயிருச்சு."

"எடுத்துக்கறதா? விசாரணை?"

"ஃபைல் இல்லாம என்னத்த விசாரிக்கறது? உங்க ஃபைலை எட்டு மாசமா காணோம் சார். உங்க மேல என்ன குத்தம்னு எழுத ஒரு துண்டுத் தாள்கூடக் கிடைக்கலை. தேடித் தேடி அலுத்துப்போயித்தான், போகட்டும், ஆளைச் சேர்த்துக்குங்கன்னு முடிவு பண்ணாங்க. இப்ப நீங்க கொண்டாந்து கொடுத்த கட்டுக்கு அட்டை போட்டு நம்பர் எழுதியாச்சு. விசாரணைக்கு நாளும் குறிச்சாச்சு."

விளக்கத்தார் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அந்த நிலைமையிலும் அவருக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

"அவ்வளவு பெரிய ஃபைல், எப்படிங்க தொலைஞ்சது?"

பியூன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தொலையல சார், நான் எடுத்துக் கொடுத்தேன், உங்க வீட்டம்மா அடுப்புல போட்டாங்க, உங்ககிட்ட சொன்னா அதுக்கும் ஒரு விளக்கம் எழுதிக் கொடுத்துருவீங்கன்னுதான் சொல்லாம இருந்தாங்க."