பொட்டலம் கட்டாத லேகிய பாய்

தர்மபுரியில் லேகியக் கடை வைத்துக்கொண்டு, வந்தவர்களை எப்படித் திருப்பி அனுப்பலாம் என்றே யோசித்த ஒரே மனிதர் லேகிய பாய்தான். அவர் சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. அந்தக் கடையில் கேள்வி கேட்கிற உரிமை அவருக்கு மட்டும்தான்.

அறுபதுகளின் கடைசி. எனக்குக் கல்யாணமான புதிது. இண்டூரிலிருந்து பஸ் ஏறி டவுனில் ஒரு புளி மண்டிக்கு வேலைக்குப் போவேன். சரியான தூக்கமில்லை. கை நடுக்கத்தில் டீ பாதி சட்டைக்குத்தான் போகும். நரம்புக்கு நல்லது என்று பாயின் அமுக்கரா லேகியத்தைத் தேடிப் போனேன். ஜாடியைத் திறக்குமுன் போலீஸ் விசாரணை.

“தூக்க மாத்திரை போடறீங்களா? வயித்துப் புண்ணு இருக்குதா? வூட்ல யாராச்சும் முழுகாம இருக்காங்களா?”

“லேகியம் எனக்குங்க பாய்!”

“பொட்டலம் வூட்டுக்குப் போனா யாரு வாய்க்குப் போவும்னு யாரு கண்டா தம்பி?”

அதனால் பொட்டலமே கட்டமாட்டார். சுண்டைக்காய் அளவு உள்ளங்கையில் வைப்பார். அவர் எதிரிலேயே சாப்பிட வேண்டும், மறுநாள் மறுபடி வர வேண்டும். எங்கள் மண்டி முதலாளியும் வரிசையில் நின்று நக்கிவிட்டுத்தான் போவார். மெல்ல மெல்ல என் டீ வாய்க்கு வர ஆரம்பித்தது.

அப்போது என் மனைவி முழுகாமல் இருந்தாள்; பாயிடமும் அதைச் சொல்லியிருந்தேன். முதல் கர்ப்பம் தங்காததால் நாங்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தோம். மருமகனைத் தேற்றிய மருந்து மகளையும் தேற்றட்டும் என்று என் மாமியார் தீர்மானித்தார். ஒருநாள் காலை எனக்கு லேகியம் கொடுத்துவிட்டு, பாய் தேன் வாங்க வத்தல்மலைக்குப் போனார். கடையில் உட்கார்ந்திருந்த அவர் மச்சானிடம், மருமகனுக்கு என்று சொல்லி மாமியார் எலுமிச்சை அளவு உருண்டையை வாங்கி வந்து, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்க வைத்திருந்தார்.

திரும்பி வந்த பாய், நடந்ததை மச்சான் சொன்னதும் அவரைப் பிடித்துக்கொண்டார். “அந்தத் தம்பி காலைலயே இங்க நின்னு சாப்ட்டுப் போயிட்டாரே! அப்ப இது யாருக்குடா?”

சைக்கிளை எடுத்தவர் எங்கள் வாசலில்தான் இறங்கினார். என் மனைவி வாயருகே கொண்டுபோன உருண்டையைப் பிடுங்கினார்.

“முழுகாம இருக்கற புள்ளைக்கு இது ஆவாதும்மா!”

மாமியார் உருண்டைக்குக் கை நீட்டினார். “கொல்லைல கொட்டிடறேங்க பாய்.”

“கொட்டுனா கோழி திங்கும். அந்தக் கோழிய இந்தப் புள்ளைக்கே கொழம்பு வெப்பீங்க!”

சொல்லிவிட்டு முழு உருண்டையையும் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

அளவு மீறினால் என்ன ஆகும் என்று ஊருக்கெல்லாம் எச்சரித்தவருக்கு அன்று அதுவே நடந்தது. சொம்பும் கையுமாகக் கொல்லைக்கு ஓடி ஓடி, கடைசியில் எங்கள் கட்டிலில் சாய்ந்தவர், மறுநாள் வெயில் ஏறும்வரை குறட்டை விட்டார். மாமியார் மோர் கலக்கி வைத்துக்கொண்டு காவல் இருந்தார்.

மகள் பிறந்ததும் பார்க்க வந்தார்.

“பாப்பா நல்லா தூங்குதா?”

“அது தூங்குதுங்க பாய். நாங்கதான் தூங்கல.”

“நீங்க கடைக்கு வாங்க. பால் குடுக்கற வரைக்கும் அந்தம்மாவுக்குக் கெடையாது.”

இன்று என் மகள் மருந்துக் கடையில் ஆயிரம் கேள்வி கேட்பாள். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். நான் மட்டும் மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்: நல்லா கேளும்மா. உனக்காக முதன்முதலில் கேள்வி கேட்டவர், உன் முகத்தைக்கூட அப்போது பார்த்ததில்லை.