எட்டுக் கோர் கணினியும் ஒரே உப்புச் சட்டியும்

பாறசாலை,
ஞாயிறு.

என் அக்காள் மகன், பிரிய மருமகன் தீபுவுக்கு மாமன் ரெத்தினதாஸ் எழுதுவது. நானும் உன் மாமி விலாசினியும் சுகம். பெங்களூரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நீ அனுப்பிய எட்டுக் கோர் கணினி வந்து பத்து நாளாகிறது. பழைய ஒற்றைக் கோர் கணினியை அடுத்த வாரம் கழிவுக்குக் கொண்டுபோவதாகச் சொன்னாயே, அதைத் தடுக்கத்தான் இந்தக் கடிதம். கோர் என்பது வேலை செய்யும் ஆள், கர்னல் என்பது உள்ளே இருந்து வேலைகளைப் பங்கிடும் மேற்பார்வையாளன் என்று போனில் விளக்கினாய். கணக்கு வாத்தியாருக்கு உதாரணம் இல்லாமல் எதுவும் இறங்காது. என் மகள் அஸ்வதி கல்யாணத்துக்கு முந்தைய நாள் அமரவிளையில் நடந்த சமையலை நினைத்துப்பார். சமைப்பவர் ஒருவரென்றால் உப்புப் போட்டாயிற்றா என்ற சந்தேகமே கிடையாது. அன்றைக்கு ஓர் உருளிப் பாத்திரத்தைச் சுற்றி எட்டுப் பேர். நாலு பேர் தனித்தனியே ருசி பார்த்து, தனித்தனியே உப்பள்ளிப் போட்டார்கள். பக்கத்து வீட்டு வேதமாணிக்கம் அண்ணன் வாயில் வைத்துவிட்டு, "எலே, இது அவியலா, பொழியூர் கடலா?" என்றார். உப்புச் சட்டி ஒருவர் கையில் இருந்தால் மற்றவர் காத்திருக்க வேண்டும் என்று மாமி சட்டம் போட்டாள். அடுத்த உருளி தப்பியது. ஆனால் ஏழு பேர் கரண்டியோடு வரிசையில் நின்றார்கள். எட்டுக் கோர் கர்னலுக்கும் இதே பாடுதானே மக்கா? போதாததற்கு என் பழைய வினாத்தாள் புரோகிராமுக்கு ஒரு கோரைத்தான் தெரியும். மற்ற ஏழும் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி சும்மா உட்கார்ந்திருக்கின்றன.

பழையதில் வினாத்தாள் அடித்துக்கொண்டே அச்சும் போட்டால் திரையில் மவுஸ் அம்பு அப்படியே நின்றுவிடும். பாவம், ஒற்றை ஆள், திணறுகிறான் என்று எழுந்து அடுக்களைக்குப் போவேன். பால் விடாத கட்டன் சாயா குடித்து முடியும்வரை மாமியோடு பேச்சு. அஸ்வதி என்ற பெயரை முடிவு செய்ததே அம்பு நின்ற ஒரு சாயங்காலத்தில்தான். புதியது நிற்பதே இல்லை. மாமி சாயாவை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். பத்து நாளாக நாங்கள் உருப்படியாக ஒரு வார்த்தை பேசவில்லை. ஆகவே பழையது இந்த வீட்டில் இருந்தே ஆகவேண்டும்.

உனக்கு எந்தக் குறையும் வராதிருக்க வாழ்த்தும்,
மாமன் ரெத்தினதாஸ்.

பின்குறிப்பு: மாமி இதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறாள். "கர்னலும் இல்ல, கோரும் இல்ல. பெருக்குத சாக்குல மவுஸுக்க ஒயரை இளக்கி விட்டது நானாக்கும். இல்லேண்ணா நீங்க எழும்பி வருவியளா? நீங்க கிளாஸைக் கழுவுத நேரத்துல திரும்பக் குத்திருவேன்" என்கிறாள். இருபத்தைந்து வருடமாக! பழையதைத் தாராளமாகக் கொண்டுபோ. ஆனால் புதிய மவுஸுக்கு ஒயரே இல்லை, எதை இளக்க என்று கேட்கிறாள். வரும்போது ஒயர் உள்ளதாக ஒன்று வாங்கி வா.