ஆர்டர் சீட்டு இல்லாத பீரோ

பேட்டை,
5-9-1996

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மையப்ப பிள்ளை அவர்களுக்கு, பீரோ பட்டறை ஆவுடைநாயகம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் சௌக்கியம். ஸ்ரீவைகுண்டத்தில் தங்கள் வீட்டாரும், வாழ வந்த எங்கள் சங்கரியும் சௌக்கியமாயிருக்க காந்திமதியம்மை துணை.

கல்யாணம் முடிந்து ஒரு வாரமாகியும் சீர் பீரோ வந்து சேரவில்லை. பீரோ செய்கிறவன் மகளுக்கே பீரோ இல்லையா என்று தங்கள் தெருவில் கேட்கிறார்களாம். எனக்குச் சோறு இறங்கவில்லை. பழியை மாப்பிள்ளைமேல் போடுவதாகத் தாங்கள் நினைக்கக் கூடாது, ஆனாலும் நடந்ததைச் சொல்ல வேண்டுமல்லவா? நிச்சயம் முடிந்த கையோடு மாப்பிள்ளை குமரகுருபரன் பட்டறையைப் பார்க்க வந்தார். ஓசூர் கம்பெனி இஞ்சினியர் ஆயிற்றே, உலகத்தில் சாமான் செய்கிற முறைகளையெல்லாம் வகை பிரித்துச் சொன்னார். ஒவ்வொன்றாகச் செய்வது ஒரு வகை, கூட்டமாகச் செய்வது ஒரு வகை, நிறுத்தாமல் ஓடுவது ஒரு வகை, எல்லாவற்றுக்கும் மேலே, கேட்ட பிறகு கேட்டதை மட்டும் செய்கிற ஜப்பான்காரன் வகை. நம் பட்டறை எதில் சேரும் என்று ஆசையாகக் கேட்டேன். எதிலும் சேராது, விற்கும் என்று நம்பிச் செய்துவைத்துக் காத்திருக்கிறீர்கள் என்றார். வரப்போகிற மருமகன் பேச்சைத் தட்ட முடியுமா? நின்ற பீரோக்களை எல்லாம் எனக்கு ஜென்மப் போட்டியான பாளையங்கோட்டை பூதலிங்கம் கடைக்கே தள்ளிவிட்டேன். இனி ஆர்டர் சீட்டு இல்லாமல் யாரும் தகரத்தைத் தொடக்கூடாது என்று உத்தரவும் போட்டேன்.

கல்யாணத்தன்று வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால் ஏற்றுவதற்கு பீரோ இல்லை. மூத்த ஆள் பிச்சைக்கண்ணுவைப் பிடித்து ஏசினேன். அவன் பைய நிமிர்ந்து, “அண்ணாச்சி, சீட்டு இல்லாமத் தகரத்தத் தொடாதன்னு நீங்கதான சொன்னிய. பாப்பா பேர்ல சீட்டு எங்க?” என்றான். பெற்ற மகளுக்கு எந்தத் தகப்பன் சீட்டு எழுதுவான்? இப்போது எழுதிவிட்டேன். ஆனால் ஆவணி முகூர்த்தக்காரர்கள் முன்னால் நிற்கிறார்கள், ஜப்பான்காரன் வகையில் வரிசை தாண்டக் கூடாதாம். ஐப்பசிக்குள் வந்துவிடும். அதுவரை சங்கரியை யாரும் ஒரு சொல் சொல்லாமல் தாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். அவள் வாய் திறந்து கேட்கிற பிள்ளை இல்லை.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். பிள்ளைகள் இருவருக்கும் ஆசி.

இப்படிக்கு,
ஆவுடைநாயகம்

பி.கு.: கவரை ஒட்டும்போது சங்கரி போன் பண்ணினாள். ஊர்ப் பேச்சு பொறுக்காமல் மாப்பிள்ளையே பூதலிங்கம் கடைக்குப் போய், தயாராக நின்ற ஒரு பீரோவை எடுத்து வந்துவிட்டாராம். “யப்பா, அது நம்ம பட்டறை பீரோதான். எனக்குன்னு நெனச்சு, கதவுக்கு உள்ள ஆணியால பேரக் கீறி வச்சிருந்தேன். ஒரு வார்த்த கேக்காம வித்துட்டிய” என்றாள். போனை வைத்துவிட்டுக் கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். ஆகவே மேலே உள்ளதைத் தாங்கள் படிக்க வேண்டாம். மாப்பிள்ளையிடம் மட்டும் ஒன்று கேட்டு எழுதவும்: அவர் வாங்கினாரே, அந்த பீரோ எந்த வகையில் சேரும்?