சொந்த நாடு என்ற கட்டத்தில் என்ன எழுதினீர்கள், மச்சான்?

திருச்சி,
6.1.1983

அன்புள்ள மச்சான் கார்த்திகேசு அவர்களுக்கு, ராமையா எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அக்கா நல்லம்மாளும் இங்கே நலம். அதாவது நான் நலம், உங்கள் அக்காவுக்கு இடது தொடை எலும்பைத் தவிர மற்றதெல்லாம் நலம். ஈப்போவில் நீங்களும் வீட்டாரும் சுகமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். வேண்டியாகிவிட்டது. இனி வருவதை உட்கார்ந்து படியுங்கள்.

மகள் நவமணிக்குக் கல்யாணச் சேலை எடுக்க இந்தியா போகிறோம் என்று சொன்ன அன்றைக்கே இந்த இன்சூரன்சை என் தலையில் கட்டியது நீங்கள்தான். "வெளிநாட்டுல ஏதாச்சும் ஆனா ஒரு போன் போடுங்க மாமா, டாக்டர் வருவாரு, பிளேன் வரும், படுக்க வெச்சே வீட்டுல கொண்டாந்து விட்டுருவாங்க" என்றீர்கள். நானும் நம்பினேன். திங்கட்கிழமை மலைக்கோட்டைப் பிள்ளையாரைப் பார்த்துவிட்டு இறங்கும்போது உங்கள் அக்கா திரும்பி என்னைப் பார்த்து, "படி வழுக்குது, மெதுவா வாங்க" என்றாள். சொன்னவள் நாலு படியை ஒரேயடியாக இறங்கிவிட்டாள். எலும்பு முறிவு. இப்போது கட்டிலின் கால்மாட்டில் கயிறு கட்டி இரண்டு செங்கல்லைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். வார்டு முழுக்க இவளுக்கு மலேசியாக்காரம்மா என்றுதான் பெயர். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் கால் எப்படி இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால் கோடாலித் தைலம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள்.

சரி, போன் போடுவோம் என்று ஆறு மணி நேரம் காத்திருந்து கோலாலம்பூர் கம்பெனியைப் பிடித்தேன். போனை எடுத்த ஓர் ஆள் இன்சூரன்சு பாரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உங்கள் சொந்த நாடு இந்தியா என்று எழுதியிருக்கிறது, வெளிநாட்டில் அடிபட்டால்தான் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்போம், நீங்கள்தான் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறீர்களே, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். எனக்கு அப்படியே தலை சுற்றிப்போச்சு மச்சான். இங்கே இருக்கிறவன் என்னை வெளிநாட்டுக்காரன்ங்கிறான், அங்கே இருக்கிறவன் உள்ளூர்க்காரன்ங்கிறான், நான் எங்கேதான் போய் விழுறது?

நான் சுங்காய் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தவன். முப்பது வருஷம் அங்கே ரப்பர் எடுக்கப் பால்மரம் வெட்டினவன். கையில் இருப்பது மலேசியக் குடிமகனுக்குக் கொடுக்கிற நீல ஐ.சி. இந்த ஐம்பத்தாறு வயசில்தான் முதல் தடவையாக இந்தியாவைப் பார்க்கிறேன். துறையூர் பக்கம் எங்க அப்பா சொன்ன ஊரைத் தேடிப் போனேன், ஒரு நாய்கூடத் தெரிந்த ஆள் மாதிரி குரைக்கவில்லை. அப்படிப்பட்டவனுக்கு இந்தியா என்று எழுத உங்களுக்கு எப்படி மச்சான் கை வந்தது? இன்சூரன்சு ஏஜெண்டா நீங்க, இல்ல இந்தியாவுக்குக் கப்பல் ஏத்தி விடுற ஆளா?

இருபத்து மூன்றாம் தேதி கல்யாணம். இன்னும் பதினேழு நாள்தான். படுக்க வைத்துப் போனால் தாராளமாகப் போகலாம் என்று டாக்டரே சொல்கிறார். "எம் பிள்ளை கழுத்துல தாலி ஏறுறப்ப நான் இங்க செங்கல்லோட கெடக்கணுமா?" என்று உங்கள் அக்கா அழுகிறாள். அதை என்னால் தாங்க முடியவில்லை. அதனால் நவமணியிடம் என் பிறப்புப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு கம்பெனிக்கு ஓடுங்கள். மேசையைத் தட்டிக் கேளுங்கள். நீங்கள் செய்த தப்பை நீங்களே சரிபண்ணுங்கள். தாய்மாமன் நீங்கள் மாலையோடு நிற்க, பெற்றவள் இல்லாமல் ஒரு கல்யாணம் நடந்தால் அப்புறம் நீங்களாச்சு, உங்கள் அக்காவாச்சு.

நம்ம சித்தியவான் ஊர்க்காரர் யேசுதாசன் வேளாங்கண்ணிக்கு வந்தவர், நாளைக்குப் பிளேன் ஏறுகிறார். தந்தியில் உங்களைத் திட்ட இடம் பத்தாது என்பதால் அவர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். உங்களுக்கும் உண்டு, வேலை முடிந்த பிறகு.

இப்படிக்கு,
கொதித்துப்போயிருக்கும்
ராமையா

பின்குறிப்பு: மச்சான், எங்கேயும் ஓட வேண்டாம். இப்போதுதான் கம்பெனியிலிருந்து டோரிஸ் என்று ஒரு பொண்ணு ஆஸ்பத்திரிக்கே போன் போட்டது. நம்ம சுங்காய்க்குப் பக்கத்துச் சிலிம் ரிவர் பொண்ணாம். "அண்ணே, உங்க சொந்த ஊரு எது?" என்று கேட்டது. "சுங்காய்லா" என்றேன். அது சிரித்துவிட்டு, "இந்தியாக்காரவுங்க யாரு அண்ணே நம்மள மாதிரி பேச்சுக்குப் பேச்சு லா போடுறாங்க? பாஸ்போர்ட்டும் மலேசியா பாஸ்போர்ட்டுதான். அந்த ஆளு சரியாப் பாக்கல" என்றது. பதினாலாம் தேதி பிளேனில் மூன்று சீட்டை மடக்கிப் படுக்கை, கூடவே ஒரு நர்சு, சுபாங் ஏர்போர்ட்டிலிருந்து சுங்காய் வீட்டு வாசல் வரைக்கும் ஆம்புலன்சு. உங்கள் அக்கா செங்கல்லோடு சிரிக்கிறாள்.

இன்னொன்றும் அந்தப் பொண்ணு சொன்னது. பாரத்தில் நீங்கள் மலேசியா என்றுதான் டைப் செய்திருந்தீர்களாம். யாரோ அதைப் பச்சை மையால் கிறுக்கிவிட்டு, பக்கத்தில் தமிழில் 'இந்தியா, துறையூர் பக்கம்' என்று எழுதியிருக்கிறார்களாம். கீழே இருக்கும் என் கையெழுத்தும் அதே பச்சை மைதானாம்.

வாசலில் யேசுதாசன் டாக்சியோடு அவசரப்படுத்துகிறார், வேறு கடிதம் எழுத நேரமில்லை. மேலே நலம் விசாரித்தது மட்டும் உங்களுக்கு மச்சான். மற்றதெல்லாம் எனக்கு.