வைஃபைக்கு வைத்த சந்தனப் பொட்டு

தெரியாத ஒன்றைத் "தெரியாது" என்று சொல்ல எனக்கு இருபத்தேழு வயது வரை தெரியாது. (இப்போதும் சரளமாக வருவதில்லை. முயற்சி நடக்கிறது.)

அந்த வயதில்தான் சென்னை நிறுவனம் ஒன்றில் லினக்ஸ் (விண்டோஸ் மாதிரி, கணினியை இயக்கும் மென்பொருள்) பராமரிப்பு வேலைக்கு விண்ணப்பித்தேன். வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. மேலகரத்தில் உட்கார்ந்து, குற்றாலச் சாரலை ரசித்தபடி சம்பளம் வாங்கலாம்! கல்யாணமாகி வந்த இரண்டு வருடத்தில் நான் இவ்வளவு ஆசைப்பட்டது வேறெதற்கும் இல்லை. ஆசை மிகுதியில் "லினக்ஸில் வரும் எந்தச் சிக்கலையும் தீர்ப்பேன்" என்று விண்ணப்பத்தில் எழுதிவிட்டேன்.

நேர்காணல் விஜயதசமியன்று மாலை நான்கு மணிக்கு, வீடியோவில். "நல்ல நாளாத்தான் பாத்து வச்சிருக்கான்" என்று அத்தைக்கு (மாமியார்தான்) ஏக சந்தோஷம். முந்தின நாள் ஆயுத பூஜை. பழைய லேப்டாப்பில் லினக்ஸாவது புதிதாக இருக்கட்டுமே என்று புதுப் பதிப்பை ஏற்றினேன். முடிந்த கையோடு அத்தை அதை வாங்கிப்போய், ஈரத்துணியால் அழுத்தித் துடைத்து, பொட்டு வைத்து, அரிவாள்மனைக்கும் மிக்ஸிக்கும் நடுவில் அடுக்கிவிட்டார். பூஜையில் வைத்ததை மறுநாள் பூஜை வரை தொடக் கூடாது. நானும் தொடவில்லை.

மறுநாள் காலை பூஜை முடித்துத் திறந்தால், வைஃபையைக் காணோம்! பக்கத்து வீட்டு வைஃபைகூட இல்லை.

பயம் வந்திருக்க வேண்டும். எனக்குக் குஷி வந்தது! புதுப் பதிப்பில் பிழை! அதை முதலில் கண்டுபிடித்தவள் நான்! நேர்காணலில் அளக்க இதைவிட என்ன வேண்டும்? போனைக் கேபிளில் மாட்டி இணையத்தைப் பிடித்துக்கொண்டு களத்தில் இறங்கினேன். வைஃபையைப் பிடிக்கும் வயர்லெஸ் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை நீக்கினேன், போட்டேன். பழையதைப் போட்டேன், அதைவிடப் பழையதையும் போட்டேன். பூஜையில் இருந்த ஸ்குரூ டிரைவரை எடுத்து (அதற்கும் ஒரு பொட்டு) லேப்டாப்பின் முதுகைக் கழற்றி, கார்டைப் பிடுங்கி, ஊதி, மறுபடி சொருகினேன்.

வீட்டில் எல்லாரும் ஐந்தருவிக்குக் கிளம்பினார்கள்.

"ஏட்டி, தண்ணி நல்லா விழுதாம். ஒரு குளி குளிச்சிட்டு வந்து பாரேன்" என்றார் அத்தை.

"அத்தே, இது ஒலகத்துல எவனுக்குமே தெரியாத பிழை!"

"அப்ப ஒனக்கு மட்டும் எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு, எனக்குத் துணையாக அவரும் தங்கிவிட்டார்.

மதியம் லினக்ஸ்காரர்களின் இணைய மன்றத்தில், பெயரும் ஊரும் போட்டு நீளமாகப் புகார் எழுதினேன். "சோதிக்காமல் வெளியிடுவது பொறுப்பின்மை" என்ற வரி எனக்கே பிடித்துப்போய் இரண்டு முறை படித்தேன்.

நான்கு மணிக்குப் போன் கேபிளின் தயவில் நேர்காணல் தொடங்கியது. திரையில் நிதானமான ஒரு மேடம். "சமீபத்துல நீங்க சந்திச்ச சிக்கல் ஒண்ணு சொல்லுங்க" என்றார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது! பத்து நிமிடம் மூச்சுவிடாமல், மன்றத்தில் போட்ட புகார் உட்பட, என் கண்டுபிடிப்பை விவரித்தேன்.

"சரி, ஸ்கிரீனைக் காட்டுங்க. கார்டு ஏன் தடைபட்டிருக்குன்னு கேக்கிற கட்டளையை அடிச்சீங்களா?"

அடிக்கவில்லை. அது கற்றுக்குட்டிகள் செய்யும் முதல் சோதனை. அடித்தேன். கார்டு சுவிட்ச் மூலம் அணைக்கப்பட்டிருக்கிறது என்று வந்தது.

"லேப்டாப்ல வைஃபைக்குத் தனியா சுவிட்ச் இருக்கா?"

"இல்லவே இல்ல மேடம்." (மூன்று வருடமாக என் கையில் இருந்த லேப்டாப்.)

சுண்டல் கிண்ணத்தோடு எனக்கு எதிரே நின்றிருந்த அத்தைக்குப் பொறுக்கவில்லை. "ஏட்டி, முன்பக்கம் ஆணி மாதிரி ஒண்ணு இருக்குல்லா? நான் தொடைக்கும்போது ஒரு பக்கமா நவுந்துட்டு. பொட்டு வைக்க வாகா இருக்கேன்னு அது மேலயே சந்தனத்த அப்பிட்டேன்."

குனிந்தேன். காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினேன். உள்ளே இத்தனூண்டு சுவிட்ச்! தள்ளியதும் எங்கள் வைஃபை, பக்கத்து வீடு, எதிர்வீடு என்று எல்லாம் திரையில் வரிசைகட்டி நின்றன. மேடம் தன் கேமராவை அணைத்தார். மைக்கை அணைக்க மறந்துவிட்டதால் சிரிப்பு முழுதாகக் கேட்டது.

திரும்பி வந்து, "மன்றத்துல போட்ட புகாரை என்ன செய்யப் போறீங்க?" என்றார். அழித்துவிடுகிறேன் என்றுதான் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் வேலை எப்படியும் போய்விட்டது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? அவர் பார்க்கவே எழுதினேன்: "லினக்ஸில் பிழை இல்லை. பிழை என்னுடையது. சுவிட்சைப் பார்க்கவில்லை. அதன் மேல் சந்தனம் இருந்தது."

வேலை கிடைத்துவிட்டது! எப்படி என்று பிறகு மேடத்திடமே கேட்டேன். "உங்க அத்தையைத்தான் எடுக்க நெனச்சோம். அவங்க விண்ணப்பிக்கலையே" என்றார்.

அந்தப் பதிவு இன்னும் மன்றத்தில் இருக்கிறது. யார் வைஃபை வரவில்லை என்று புலம்பினாலும் "முதலில் சந்தனத்தைத் துடை" என்று பதில் போடுகிறார்கள். எங்கள் வீட்டில் மோட்டார் ஓடாவிட்டாலும், "ஒலகத்துல எவனுக்கும் தெரியாத பிழையா இருக்கும், மருமகளக் கூப்பிடு" என்கிறார் மாமா.

போன ஆயுத பூஜைக்கு அலுவலகம் கொடுத்த புது லேப்டாப்பை அத்தையிடம் நீட்டினேன். சந்தனக் கிண்ணத்தோடு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல ஆணி எங்கன இருக்கு?"

"இதுல இல்ல அத்தே."

"நல்லாப் பாத்துச் சொல்லு. அன்னைக்கும் இப்படித்தான் சொன்ன."