கடையிலதான் இருக்கேன்

கறி தின்றே தீருவது என்று ராஜகுரு முடிவு செய்தது, கையில் காப்புக் கட்டியிருந்த வாரத்தில்.

மற்ற வாரங்களில் அந்த ஆசை அவருக்கு இவ்வளவு உக்கிரமாக வந்ததில்லை. மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு மஞ்சள் கயிறு மணிக்கட்டில் ஏறியதும் நாக்கு தனிக் கட்சி ஆரம்பித்துவிட்டது. கத்தரிக்காயைப் பார்த்தால் ஈரல் தெரிந்தது. சேனைக்கிழங்கு வறுவலைப் பார்த்துக் கண் கலங்கினார்.

விரதம் அவருக்கு. நேர்ந்துகொண்டது அவர் மனைவி கஸ்தூரி. போன வருடம் பந்தல்குடிக்குப் பக்கத்தில் ஒரு லாரி பைக்கை உரசிப் போனதில், ராஜகுரு சாலையோரக் கருவேலம் புதரில் போய் விழுந்தார். கால் கட்டைவிரல் நகம் போனதோடு சரி. ஆஸ்பத்திரி வாசலிலேயே கஸ்தூரி கைகூப்பி, "தாயே, வர்ற பொங்கலுக்கு இவுக உனக்கு அக்கினிச்சட்டி எடுப்பாக" என்று சொல்லிவிட்டாள். நகம் போன வலியில் ராஜகுரு முனகினார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

அக்கினிச்சட்டி விளையாட்டில்லை. உள்ளங்கையில் வேப்பிலையை விரித்து, கொழுந்துவிட்டு எரியும் சட்டியை அதன்மேல் ஏந்தி, ஊரைச் சுற்றி நடக்க வேண்டும். விரதம் சுத்தமாக இருந்தால் சுடாது என்பார்கள். சுத்தமாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை யாரும் முழுதாகச் சொல்வதில்லை. "இப்படித்தான் ஒருத்தரு..." என்று ஆரம்பிப்பார்கள். பிறகு எதிரே இருப்பவர் கையைப் பார்ப்பார்கள். பேச்சை மாற்றிவிடுவார்கள்.

ராஜகுரு அம்மனுக்குப் பயந்தவர். கஸ்தூரிக்கும் பயந்தவர். இதில் எது முதல், எது இரண்டாவது என்பது அந்தந்த நாளைப் பொறுத்தது. கஸ்தூரி கத்த மாட்டாள். "சரிங்க" என்பாள். அதற்குப் பிறகுதான் என்ன வரும் என்று தெரியாது. கத்துகிற பெண்டாட்டி வாய்த்த நண்பர்களை ராஜகுரு பொறாமையோடு பார்ப்பார்.

அருப்புக்கோட்டையில் அவருக்கு மாட்டுத்தீவனக் கடை. பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு. கம்ப்யூட்டர் படித்து, சென்னையில் சில வருடம் கம்பெனி வேலை பார்த்து, அப்பா காலமானதும் வந்து கல்லாவில் உட்கார்ந்தவர். உட்கார்ந்தாலும் விரல் சும்மா இருக்கவில்லை. திருச்சுழி, பரளச்சி சுற்றுப்பட்டியெல்லாம் போனிலேயே ஆர்டர் போட ஒரு ஆப் செய்தார். முதலில் அது மேசைக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டரில் ஓடியது. கரண்டு போனால் ஆப்பும் போகும். அதனால் எல்லாவற்றையும் இன்டர்நெட்டில் வாடகைக்குக் கிடைக்கும் கிளவுடுக்கு மாற்றிவிட்டு, கஸ்தூரியிடம் பெருமையாகச் சொன்னார்.

"இனி நமக்கு சர்வரே கிடையாது."

"அப்ப வர்ற ஆர்டரை யாரு பாப்பா?"

"கிளவுடுல ஃபங்ஷன்னு சின்னதா ஒரு புரோகிராம் எழுதி வச்சிருக்கேன். ஆர்டர் வந்தா முழிக்கும். வேலையப் பாக்கும். மறுபடி தூங்கிரும்."

"வேலை வந்தா முழிச்சிருமா?"

"உடனே."

"அப்ப உங்களைய மாதிரி இல்ல."

"முந்தி செஞ்சது எதையும் ஞாபகத்துல வச்சுக்கிறாது. ஒவ்வொரு தடவையும் புதுசாத்தான் வரும்."

"இது உங்களைய மாதிரி" என்று சொல்லிவிட்டு அவள் இட்லி மாவைக் கரைக்கப் போனாள்.

ஆப்பில் முதலில் அழகழகாகக் கட்டங்கள் வைத்திருந்தார். சரக்கின் பெயர், எத்தனை மூட்டை, எந்த ஊர். ஒருவரும் நிரப்பவில்லை. "அண்ணாச்சி, போன தடவ மாதிரியே போட்டு விடுங்க, பசு கன்னு போட்டுருக்கு" என்று ஊர்ப்பெயர் கேட்ட கட்டத்தில் எழுதினார்கள். கட்டங்களை எடுத்துவிட்டு, ஒரே ஒரு பெட்டி வைத்தார். மனதில் பட்டதை எழுதலாம். எழுதுவது ராஜகுருவின் போனிலும், சரக்கு ஏற்றும் தவசியின் போனிலும், வீட்டில் கஸ்தூரியின் போனிலும் விழும். ராஜகுரு பதில் போட வேண்டும். பதில் கொஞ்சம் தாமதமானால் கஸ்தூரியிடமிருந்து அழைப்பு வரும்.

"சீட்டுல இல்லையா?"

தன்னைக் கட்டும் கயிற்றைத் தானே திரித்து, தானே கிளவுடில் ஏற்றி வைத்த மனிதர் அந்தத் தாலுகாவில் அவர் ஒருவர்தான்.

கயிறு இருந்தால் அவிழ்க்கவும் வழி இருக்கும். அவர் இன்னொரு ஃபங்ஷன் எழுதினார். பெட்டியில் யார் எது எழுதினாலும் அது விழிக்கும். மனிதர் தட்டெழுதுகிற நேரம் காத்திருக்கும். பிறகு அவர் பெயரில் பதில் போடும். என்ன பதில் போடுவது என்றுதான் யோசித்தார். யார் எதைக் கேட்டாலும் கடைசியில் தான் சொல்வது ஒன்றுதான் என்பது புரிந்தது. அதையே எழுதினார்.

'வணக்கம். கடையிலதான் இருக்கேன். சரி, லோடு ஏத்தியாச்சு.'

வெள்ளிக்கிழமை மத்தியானம் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, "குடோன் வரைக்கும் போயிட்டு வாரேன்" என்று தவசியிடம் சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்தார்.

தூத்துக்குடி ரோட்டில் அன்று வந்த லாரிகளெல்லாம் அவரையே தேடி வந்தவை போல இருந்தன. நெற்றியில் வேப்பிலை கட்டிய லாரி ஒன்று ஹாரன் அடித்தபோது, பைக்கை ஓரங்கட்டி அது போகும்வரை இறங்கி நின்றார். போன வருடம் விழுந்த புதர் வந்ததும் ஒரு கையை எடுத்துக் கும்பிட்டார். பைக் ஆடியது. திரும்பிவிடலாமா என்று நினைத்தார். அதற்குள் மருதுபாண்டி கடைப் புரோட்டாக் கல்லின் சத்தம் கேட்டுவிட்டது.

மருதுபாண்டியின் புரோட்டாக் கடை பந்தல்குடிக்கு ரோடு பிரியும் விலக்கில் இருந்தது. லாரிக்காரர்களுக்கெல்லாம் தெரிந்த இடம். வீட்டில் மாடும் வைத்திருந்ததால் ராஜகுருவுக்கு வாடிக்கைக்காரரும்கூட.

"வாங்க அண்ணாச்சி. என்ன இந்த வெயில்ல முழுக்கை?"

"சும்மாதான். புரோட்டாவும் மட்டன் சுக்காவும் போடு."

மருதுபாண்டி அவரைப் பார்த்தார். கையிலிருந்த போனைப் பார்த்தார். "கொஞ்சம் பொறுங்க. இப்பத்தான் அடுப்புல ஏறுது" என்று உள்ளே போனார்.

சுக்கா வர நேரமானது. காத்திருந்த நேரமெல்லாம் ராஜகுரு ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பிறகு ரோட்டிலிருந்து யாராவது முதுகை அடையாளம் கண்டுகொள்வார்களோ என்று முகத்தைக் காட்டி உட்கார்ந்தார். தட்டு வந்தது. மிளகும் சோம்பும் மணக்க, கருஞ்சிவப்பாக இருந்தது. முதல் துண்டு பயத்தோடு இறங்கியது. அடுத்த துண்டு பயமில்லாமல் இறங்கியது. இன்னொரு தட்டு கேட்டார்.

"மருது, உன் கைப்பக்குவமே தனி."

"அதெல்லாம் இல்ல அண்ணாச்சி. ஆமா, மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வேணும். ஆப்புல போட்டுறவா?"

"நாந்தான் முன்னால உக்காந்திருக்கேன்ல. வாயில சொல்லு."

"போட்டுட்டேனே."

கொஞ்ச நேரத்தில் மருதுபாண்டியின் போன் மணியடித்தது. கடை முழுக்கக் கேட்கும்படி வாசித்தார்.

"'வணக்கம். கடையிலதான் இருக்கேன். சரி, லோடு ஏத்தியாச்சு.' அண்ணாச்சி, நீங்க கடையிலதான் இருக்கீகளாம்."

"ஆமா."

"அப்ப இங்க திங்கிறது யாரு?"

ராஜகுருவுக்கு விக்கிக்கொண்டது. தண்ணீரைக் குடித்தும் விக்கல் நிற்கவில்லை.

"மருது, இது வெளிய தெரியக் கூடாது."

"எது? அங்க இருக்கறதா, இங்க இருக்கறதா?"

"ரெண்டும்."

"நான் எதுக்கு அண்ணாச்சி யாருட்டயும் சொல்லப் போறேன்" என்றார் மருதுபாண்டி. அவர் பார்வை சட்டைக் கைக்கு வெளியே எட்டிப் பார்த்த மஞ்சள் கயிற்றில் நின்றது. "கைய நல்லாக் கழுவிட்டுப் போங்க. சட்டி ஏந்துற கை."

ராஜகுரு போய்ச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினார்.

கடைக்குத் திரும்பியபோது அவருடைய நாற்காலியில் மைத்துனன் ஜெயக்குமார் உட்கார்ந்திருந்தான். கஸ்தூரியின் தம்பி. செல்போன் கவர்க் கடை, ஜூஸ் கடை, ஜெராக்ஸ் கடை என்று எதைத் திறந்தாலும் அழகாக மூடத் தெரிந்தவன். அவனைத் தீவனக் கடையில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கஸ்தூரி எத்தனையோ தடவை கேட்டாயிற்று. ராஜகுரு ஒவ்வொரு தடவையும் புதிது புதிதாகக் காரணம் சொல்லித் தப்பித்து வந்தார்.

"வாங்க அத்தான். குடோன்ல வேலை முடிஞ்சதா?"

"நீ எங்கடா இங்க?"

"நீங்கதான வரச் சொன்னீக." போனை நீட்டினான். பெட்டியில் கஸ்தூரி எழுதியிருந்தாள்: 'தம்பியை இன்னைக்கிருந்து கல்லாவில் உட்கார வைக்கலாமா?'

கீழே ராஜகுரு பெயரில் பதில் இருந்தது. வணக்கம். கடையிலதான் இருக்கேன். சரி, லோடு ஏத்தியாச்சு.

'இதை நான் சொல்லலடா' என்பது அவர் நாக்கின் நுனிவரை வந்தது. சொன்னால் அடுத்து வரப்போகும் கேள்விகளும் தெரிந்தன: நீங்கள் சொல்லவில்லை என்றால் யார் சொன்னது? அந்த நேரத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? வாயில் இன்னும் சோம்பு மணந்தது. நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"ஆமாமா. நாந்தான் சொன்னேன். உக்காரு."

தவிட்டு மூட்டையின் மேல் உட்கார்ந்து அந்த ஃபங்ஷனை அழித்தார். தூங்கிக்கொண்டிருந்ததை எழுப்பாமலே அழித்தார்.

வீட்டில் கஸ்தூரி முகம் மலர்ந்து தண்ணீர் கொடுத்தாள்.

"இத்தன வருசமாக் கேட்டும் மாட்டேன்னவுக, இன்னைக்கு ஒரே வார்த்தையில சரின்னுட்டீக."

"மனசு மாறிருச்சு."

"எல்லாம் விரதம் செய்யிற வேலை." கொஞ்சம் நின்று அவரைப் பார்த்தாள். "சரிங்க" என்றாள்.

அந்தச் "சரிங்க"வைக் கேட்டதிலிருந்து ராஜகுரு தூங்கவில்லை. உள்ளங்கையைப் பார்த்துப் பார்த்து, ரேகையெல்லாம் மனப்பாடமாகிவிட்டது. மாடியில் யாருக்கும் தெரியாமல் மெழுகுவர்த்திக்கு மேலே கையை நீட்டிப் பார்த்தார். உடனே எடுத்துவிட்டார். கொதிக்கக் கொதிக்கக் காபி டம்ளரை ஏந்திப் பழகினார். காபிதான் கீழே போனது. கஸ்தூரி ஒன்றும் கேட்காமல் துடைத்தாள். கேட்காதது இன்னும் பயமாக இருந்தது. கடைசியாக மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவளிடம் போனார்.

"கை சுளுக்கிருச்சு கஸ்தூரி. சட்டிய அடுத்த வருசம் பாத்துக்கிருவோமா?"

"நகம் போனதுக்கே சட்டி நேந்தேன். சுளுக்குக்கும் சேத்து என்னமாச்சும் நேந்துக்கிறவா?"

"வேண்டாம். சுளுக்கு விட்டிருச்சு."

பொங்கலன்று கோயில் வாசல் நிற்க இடமில்லாமல் இருந்தது. மஞ்சள் வேட்டியில் நின்ற ராஜகுருவின் கையில் பூசாரி வேப்பிலையை அடுக்கி, சட்டியை வைத்தார். தீ முகத்துக்கு நேரே எழுந்தது. அது தன்னிடம் ஏதோ விசாரிப்பது போலவே ராஜகுருவுக்குத் தெரிந்தது. கொட்டுக்காரர்கள் முன்னே போக, நடந்தார். பஜார் வந்தபோது, இங்கேதான் சுடப் போகிறது என்று பல்லைக் கடித்தார். சுடவில்லை. தெப்பக்குளம் திருப்பம் வந்தபோது, ஊரே பார்க்கட்டும் என்று அம்மன் இங்கேதான் தண்டனையை வைத்திருக்கிறாள் என்று கண்ணை மூடினார். சூடு இருந்தது, பொறுக்கிற சூடுதான். கூட்டத்தில் மருதுபாண்டி பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றார். ராஜகுரு அப்படியே நின்றுவிட்டார். பக்கத்தில் குடத்தோடு வந்த கஸ்தூரி அவர் பாதத்தில் தண்ணீரை ஊற்றி, "பயப்படாம நடங்க" என்றாள். நடந்தார்.

கோயிலுக்குத் திரும்பிச் சட்டியை இறக்கிவிட்டுக் கையைப் பார்த்தார். லேசாகச் சிவந்திருந்தது. ஒரு கொப்புளம்கூட இல்லை. ராஜகுரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். இவ்வளவு கருணை காட்டிய தாய்க்கு முன்னால் இனி மறைக்க என்ன இருக்கிறது? ஃபங்ஷன், முழுக்கைச் சட்டை, புரோட்டா, சுக்கா, இரண்டாவது தட்டு, எல்லாவற்றையும் கஸ்தூரியிடம் கொட்டினார். அவர் உள்ளங்கையில் ஒட்டியிருந்த வேப்பிலையை அவள் ஒவ்வொன்றாக எடுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்பேர்ப்பட்ட பாவியவும் ஆத்தா மன்னிச்சிட்டா கஸ்தூரி."

"மன்னிக்க என்ன இருக்கு? நீங்க கறியே திங்கலையே."

"இப்பத்தான சொன்னேன், ரெண்டு தட்டு..."

"அது மீல்மேக்கர்."

ராஜகுருவின் அழுகை பாதியில் நின்றது.

"தம்பிய உக்கார வைக்கலாமான்னு கேட்டேன். ஒரு காரணமும் சொல்லாம சரின்னு வந்துச்சு. அது நீங்க இல்லன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. கடையில இல்லன்னா வேற எங்க போயிருவீக? மருதுபாண்டி அண்ணனுக்குப் போன் போட்டேன். காப்புக் கட்டுன கைக்குக் கறி வச்ச பாவம் தனக்கு எதுக்குன்னு, பக்கத்து மளிகைக் கடையில சோயா மீல்மேக்கர் வாங்கி வறுத்துக் கொடுத்துட்டாரு."

"அப்ப இத்தன நாளும் நான் பயந்து செத்தது?"

"அதுதாங்க விரதம்."

ராஜகுரு யோசித்தார். இழந்ததில் ஏதாவது ஒன்றையாவது மீட்க வேண்டும்.

"அப்ப ஜெயக்குமாரை அனுப்பிரலாம்ல? அந்தச் சரி நான் சொன்னதில்லன்னு உனக்கே தெரியுமே."

"சரின்னது கிளவுடு. வீட்டுக்கு வந்து மனசு மாறிருச்சுன்னது யாரு? அதுவும் கிளவுடா?"

பூசாரி வந்து மணிக்கட்டிலிருந்த காப்பை அவிழ்த்தார். கை லேசானது. எல்லாம் போனாலும் நாக்கு அவருடையதுதானே. மெதுவாகக் கேட்டார்.

"காப்பு அவுத்தாச்சு. நாளைக்குக் கறி எடுப்போமா?"

"கறி எதுக்கு? மீல்மேக்கரையே ரெண்டாந்தடவ கேட்டு வாங்கித் தின்னீகளாமே" என்றாள் கஸ்தூரி. "அண்ணன்ட்ட பக்குவம் கேட்டு வச்சிருக்கேன். இனிமே நம்ம வீட்டுல அதுதான்."